மாடி ஏறாத கட்டில்

வெள்ளம் வருவதற்கு முந்தின வாரம் தையல்காரியின் வீட்டுச் சாமான்கள் தாமாகவே மாடிக்கு ஏறிவிடும். முதலில் அரிசி டின், அப்புறம் பாத்திரங்கள், பிறகு மர பீரோ, கடைசியாகத் தையல் மெஷின். ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவில் யாரும் ரேடியோவை நம்புவதில்லை. அவள் வீட்டுப் படிக்கட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பீரோ ஏறிவிட்டது என்றால் மணல் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். அவளுக்கு இருந்த வேலை கொஞ்சம்தான்: படியில் கிடக்கும் மிதியடியைச் சுருட்டி வைப்பது, பிளக்குகளைப் பிடுங்குவது, பாத்திரங்களை அவசரப்படுத்தாமல் இருப்பது. ஃபிரிட்ஜ் வந்த புதிதில் கூச்சப்பட்டுக்கொண்டு கீழ்ப்படியிலேயே நின்றது. பீரோ பாதி வழி இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போன பிறகுதான் ஏறியது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு, அவருடைய இரும்புக் கட்டிலும் இந்த ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது. அவரைச் சுமந்தபடியே அலுங்காமல் குலுங்காமல் ஏறும். லாரியை நீங்கள் ஒருநாளாவது இப்படி ஓட்டியிருப்பீர்களா என்று அவள் கேலி செய்வாள். இந்த வருடம் மெஷின்வரை எல்லாம் ஏறிவிட்டன. கட்டில் மட்டும் அசையவில்லை. மாமனார் இறந்த வருடம் அவருடைய நாற்காலியும் இப்படித்தான் கீழேயே நின்றது. அது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மெஷின் எண்ணெயை எடுத்துக் கட்டிலின் கால்களுக்குப் போட்டாள். கெஞ்சினாள், திட்டினாள். கொழுந்தன் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். "இரும்புதானே அண்ணி, நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று அவரோடு சேர்த்து மாடியில் வைத்துவிட்டு வந்தார்கள். டீயைக் குடித்து முடிப்பதற்குள் கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. அவர் தூக்கம்கூடக் கலையவில்லை. அவரை மட்டும் பாயில் மேலே கிடத்திப் பார்த்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியது. கீழே கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் சரியானது.

"எனக்குத்தான் கால் விளங்கல, இதுக்குமா?" என்று அவர் சிரித்தார். அவள் மறுபடியும் கட்டில் காலுக்கு எண்ணெய் விட்டாள்.

"அதைப் போட்டு ஏன் படுத்தற? தண்ணி வந்துரும். நீ மேல போ."

"நீங்க வராம நான் எங்க போறது? பேசாம படுங்க."

வேலையையெல்லாம் போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்தபடியே அவர் போய்விட்டார்.

அவரை எடுத்துக்கொண்டு போன கூட்டம் தெருமுனை திரும்புவதற்குள் கட்டில் எழுந்து, காலியாக, படிப்படியாக மாடி ஏறியது. "இப்ப மட்டும் ஏறத் தெரியுதா?" என்று அவள் கத்தினாள். அன்றைக்கு அவள் அந்தக் கட்டிலை மனதார வெறுத்தாள். மறுநாள் தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு வந்து நின்றது. தெருவில் எத்தனையோ வீடுகளில் எல்லாம் போய்விட்டன. தையல்காரி வீட்டில் மட்டும் ஒன்றும் நஷ்டமில்லை, கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து, அவள் சேற்றைக் கழுவி முடித்ததும் பீரோ, ஃபிரிட்ஜ், மெஷின் எல்லாம் வழக்கம்போல வரிசையாக இறங்கின. கட்டில் இறங்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தலையணை உறையை மட்டும் துவைத்து மேலே போட்டுவிட்டு வந்து, கீழே ஈரத்தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.