மேலே போய் எடுத்த தண்ணீர்

எங்கள் சுற்றுச்சூழல் அறிவியல் துறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைக் கெடுப்பது கீழே இருக்கும் சாயப்பட்டறைதான் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேராசிரியர் எங்களை ஆராய்ச்சிக்கே அனுப்பினார்.

பட்டறைக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் பிடித்து வந்தோம். சோதித்துப் பார்த்தால் இரண்டிலும் அமிலம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“உங்களுக்கு ஒழுங்கா எடுக்கத் தெரியல. இன்னும் மேல போய் எடுங்க.”

வெயிலில் நடந்தோம். எங்கள் கட்டடத்தையும் தாண்டிப் போய் எடுத்த தண்ணீரில் அமிலம் மருந்துக்குக்கூட இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா? மேல சுத்தம், கீழ விஷம். பட்டறைக்காரன் மாட்டினான்.”

என் தோழிக்கு வாய் சும்மா இருக்காது. “நடுவுல நம்ம லேப் குழாயும் அந்த வாய்க்கால்லதான சார் விழுது?”

“அது ஆராய்ச்சி பண்ணின தண்ணிம்மா. அதப் போய் சாயத் தண்ணியோட சேக்கலாமா?”

மதிப்பெண் அவர் கையில் இருந்ததால் எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சோதனையில் மிஞ்சிய அமிலத்தை வழக்கம்போல சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, பட்டறையைக் கண்டித்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தோம்.