இருபத்தைந்து வாட்

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். பேனாத் தடிமனில் ஒன்று, மரக் கைப்பிடி போட்டது ஒன்று, சுத்தியல் மாதிரி கனத்தது ஒன்று. லிப்ட்காரர் எதையும் தொடவில்லை. இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி, பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "நீயே சொல்லு, எது எடுக்கலாம்?" என்றார்.

காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் கடைக்காரருக்கும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் சூடு படுகிற எதுவும் டெய்லரம்மா சொல்லாமல் நடக்காது என்று ஆகிப்போயிருந்தது. அது எப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா.

வேலை ஓய்ந்ததும் அவர் படகு செய்ய உட்கார்ந்தார். கை நீளத்துக்கு ஒரு படகு, உள்ளே மோட்டார், பேட்டரி, கரையில் நின்று ரேடியோ ரிமோட்டில் ஓட்டுவது. மூடிப்போன கல்குவாரியில் தேங்கிய தண்ணீர்தான் அவருக்குக் கடல். தெருவில் அவருக்குக் கேப்டன் என்று பேர் விழுந்தது. "கேப்டன், கப்பல் எப்ப கிளம்புது?" என்று கேட்பார்கள். "டிக்கெட் எடுத்தவங்களுக்கு மட்டுந்தான் சொல்லுவேன்" என்பார். அந்தப் படகின் மோட்டார் பேட்டரியை அப்படியே உறிஞ்சிக் குடிக்கும். அதனால் உள்ளே ஓடுகிற ஒயர் பென்சில் மொத்தம். அந்த ஒயரில் வைத்த ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் படகு நடுத்தண்ணீரில் நின்றுவிடும். அவர் பாறையில் உட்கார்ந்து, காற்று தள்ளிக்கொண்டு வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். படகின் வயிறோ குறுகல். குறடு நுழையாது, கிளிப் நிற்காது. இரண்டு விரல்தான் உள்ளே போகும். ஒயரை விரலால்தான் பிடித்தாக வேண்டும்.

சர்க்கரை வியாதி முதலில் அவர் பாதத்தின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டது. ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று விழுந்தது தெரியாமல் கடையிலிருந்து வீடுவரை நடந்து வந்துவிட்டார். அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். பிறகு விரல் நுனிகள் போயின. ஒரு சாயங்காலம் டெய்லரம்மா மிஷினில் இருந்தபோது ஏதோ கருகுகிற வாடை வந்தது. அடுப்பைப் போய்ப் பார்த்தாள், அணைந்திருந்தது. முன்னறையில் அவர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். லிப்ட் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெரிய அயர்ன், ஸ்டாண்டிலிருந்து சரிந்து அவர் மணிக்கட்டில் சாய்ந்து கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. அன்று இரவெல்லாம் டெய்லரம்மா அழுதாள்.

மறுநாளே அவரைக் கேட்காமல் அந்த அயர்னைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டாள். தானே கடைத்தெருவுக்குப் போனாள். இருப்பதிலேயே சின்னது எது என்று கேட்டாள். மஞ்சள் கைப்பிடி போட்ட, இருபத்தைந்து வாட் அயர்னை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் கணக்கு நேரானது. நெருப்பு குறைந்தால் காயமும் குறையும். பால் பொங்காமல் இருக்க அடுப்பைச் சின்னதாக வைப்பதில்லையா, அதுபோல. அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாருக்கு. பேனா கணக்கா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் இடது கை ஆள்காட்டி விரல் வெந்தது. எப்போது வெந்தது என்று அவருக்கும் தெரியாது. கொப்புளம் உடைந்து, புண்ணாகி, கறுத்து, கடைசியில் நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் நுனியும் சிவந்திருந்தது. அதைக் காட்டி டாக்டரம்மா, இன்னொரு தடவை சூடு பட்டால் இதுவும் போகும், அதோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். டெய்லரம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில், ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே, நாலு பேர் பார்க்க, அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். கவனம் கிடையாது, சொல்பேச்சு கிடையாது, இவ்வளவு சின்னதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தும் சுட்டுக்கொள்கிற ஆளை என்னதான் செய்வது என்று கேட்டாள். வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். இனிமேல் படகு கூடாது என்றாள். சரி என்றார்.

படகை விட்டவர் ஒவ்வொன்றாக மற்றதையும் விட்டார். சவரம் நின்றது. வாசலுக்கு வருவது நின்றது. கேப்டன் என்று யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் நடுநடுவே மிஷினை நிறுத்தி, அந்த அறையில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே போய் எதிரில் நின்றாள். இருப்பதைவிடச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், கவனமாகச் செய்வதென்றால் செய்யுங்கள், கிளம்புங்கள் என்றாள். அப்படி வந்ததுதான் இந்தக் கடை.

கடைக்காரர் என்ன வேலைக்கு என்று கேட்டார். அவர் வாயைத் திறக்காததால் அவளே சொன்னாள். ரிமோட் படகு, பேட்டரி ஒயர், இவ்வளவு மொத்தம் என்று சுண்டு விரலைக் காட்டினாள். பையிலிருந்து மஞ்சள் அயர்னை எடுத்து மேசையில் வைத்து, இதே மாதிரி, இதைவிடச் சின்னதாக வேண்டும் என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா, இது பொடிப் பொடி வேலைக்கு. இத வெச்சு அந்தத் தடி ஒயர பத்த வைக்கிறது, தீக்குச்சியில அண்டாத் தண்ணிய காயவைக்கிற கதை. முனையில ஈயம் உருகாது. உருகுறவரைக்கும் புடிச்சிட்டே இருக்கணும். அதுக்குள்ள சூடு பூரா ஒயரு வழியா ஏறிக் கைக்கு வந்துரும். புடிச்சவன் அய்யோன்னு விட்டுருவான். இந்தப் பெருசப் பாருங்க, தொட்டோமா எடுத்தோமான்னு முடிஞ்சிரும். சூடு கைக்கு வர்றதுக்கு நேரமே இருக்காது." மஞ்சள் அயர்னை விரலால் உருட்டினார். "எந்த மகராசன் இத எடுத்தது?"

"நான்தான்" என்றார் லிப்ட்காரர். "கண்ணு சரியாத் தெரியல. எடுத்துட்டேன்."

டெய்லரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். புடிச்சவன் விட்டுருவான். சூடு தெரிகிறவன் விட்டுவிடுவான். தெரியாதவன் ஈயம் உருகட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பான், விரல் வேகிற வரைக்கும். அவள் அதைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். ஒயரோடேயே பிழைத்த மனிதர் அவர். எந்த அயர்ன் எந்த ஒயருக்கு என்று அவருக்குத் தெரியாதா? கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாரே, பேசாமல் நின்றாரே, அப்போதே தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் கத்தியபோதும் தெரிந்துகொண்டேதான் குனிந்து நின்றிருக்கிறார்.

பெரியதையே வாங்கினார்கள். பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பொட்டலம் அவள் மடியில் இருந்தது. பாதி வழியில், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் எது என்று கேட்கவில்லை. வெளியே கடைகள் போய்க்கொண்டிருந்தன. "நீ ஆசையா வாங்கிட்டு வந்த" என்றார்.

"ஆசையா வாங்கிட்டு வந்தா? விரலு போகுது, வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா?"

"போகும்னு நெனைக்கல. பாத்துக்கலாம்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நீ அழுதது எனக்குப் புடிக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகூட மாற்றவில்லை. தையல் மேசையில் கிடந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டாள். பரண் மேலிருந்து படகை இறக்கித் தூசி தட்டி நடுவில் வைத்தாள். அவர் புது அயர்னின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கப் பார்த்தார். விரல் பிடி கொடுக்கவில்லை. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்த மஞ்சள் அயர்னை எடுத்துச் சுவர் பிளக்கில் செருகினாள்.

"அது எதுக்கு இப்ப?"

"ஒண்ணே ஒண்ணு இதுல வைங்க. நான் ஒயரப் புடிச்சுக்குறேன்."

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? கடைக்காரன் சொன்னதக் கேட்டேல்ல?"

"கேட்டேன். எனக்கும் தெரியணும். வைங்க."

அவர் முடியாது என்று எழுந்தார். அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அயர்ன் காய்கிறவரை அவர் கூரையையும் சுவரையும் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. அவள் படகின் வயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டாள். உள்ளே பழைய தண்ணீர் வாடை அடித்தது. ஒயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், அவர் எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். இன்னொரு கையால் அயர்னை எடுத்து அவர் வலது கையில் கொடுத்து, அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்து அயர்ன் முனையை உள்ளே கொண்டுபோனாள்.

முனை ஒயரைத் தொட்டது. ஈயம் பிடிக்க ஒயரில் தடவியிருந்த பேஸ்ட் பொரிந்து மெல்லிய புகை வந்தது. முதலில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, தூங்கி எழுந்த குழந்தையின் காது மாதிரி. பிறகு ஏறத் தொடங்கியது. அவர் ஒயரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுதா?" என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கையை இழுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க" என்றாள்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் வந்து நின்றது. படகின் இருட்டு வயிற்றுக்குள், ஒயரின் முனையில், ஈயம் இன்னும் உருகாமல் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது.