பார்த்தால் மட்டும் சுற்றும் காற்றாடி

"இந்தா, சுத்துது பிள்ளை! நீ பாக்கத் தொடங்கினாத்தான் சுத்துது. கூலிக்கு வந்த ஆக்கள் மாதிரியெல்லோ இருக்கு உன்ர மெசின். வரப்பில ஆள் நிண்டாத்தான் குனியும்."

முரசுமோட்டையில் நெல் உலர்த்தும் கொட்டிலில் நின்று விமலேஸ்வரி தொலைபேசியில் கத்தினார். பின்னால் தகரத்தில் மழை இரைந்தது. வவுனியாவில், வாடகை அறையில், சுரேகா மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெல்லுக்குள் காற்று ஊதுகிற காற்றாடியை இயக்கும் நிரலை எழுதியது அவள். வெளியில் காயப்போட இருந்த நெல்லை அவளுடைய பேச்சை நம்பித்தான் விமலேஸ்வரி உலர்த்தும் தொட்டிக்குள் கொட்டியிருந்தார். காற்று இல்லாமல் ஈரநெல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும், பிறகு புளித்து மணக்கும், முளைவிடும். அந்த மனுசியின் ஒரு போகம் அப்படியே போய்விடும். பஸ் பிடித்துப் போய்ச் சேரவும் நேரமில்லை.

ஒரு சுற்று ஓடிவிட்டுக் காற்றாடி மறுபடியும் நின்றது. அவள் பிழை தேடும் டிபக்கரை இங்கிருந்தே நிரலோடு கொழுவினாள். உடனே ஓடியது. கொழுவாமல் விட்டால் அசையாது. காலையிலிருந்து இதே விளையாட்டு.

நிரல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. 'ஈரமானி ஏதும் சொன்னால் எழுப்பு' என்று கொட்டிலில் உள்ள கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற கெர்னலிடம் கேட்டுவிட்டுத் தூங்கும். கெர்னல் எழுப்பினால் காற்றாடியைப் போடும். டிபக்கர், நிரல் கெர்னலுக்குள் போகும்போதும் திரும்பி வரும்போதும் வாசலில் மறித்துப் பார்க்கிற ஆள். இவ்வளவு நேரமும் அவள் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை வருகிற பக்கத்தைப் பார்த்தாள். கெர்னல் கொடுத்தனுப்பியது தகவல் அல்ல. -1. இடையில் யாரோ குழப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

குழப்பியது யார்? அவள்தான். டிபக்கரைக் கொழுவும்போது தூங்கின நிரல் தட்டுப்பட்டு எழும்புகிறது. பூச்சியம் இல்லாவிட்டால் தகவல் வந்துவிட்டது என்று அவளே எழுதி வைத்திருந்தாள். -1 பூச்சியம் இல்லைத்தானே. பழைய ஈர அளவை வைத்துக்கொண்டு நிரல் காற்றாடியைப் போட்டுவிட்டது.

"அக்கா, அது என்னைக் கண்டு வேலை செய்யேல்லை. நான்தான் தட்டி எழுப்பியிருக்கிறன்."

"அப்ப ஆர் எழுப்ப வேணும்?"

"ஈரமானி. ஈரம் கூடிக் குறைஞ்சாத்தான் அது வாய் திறக்கும். ஒரு சத்தத்தையும் காணேல்லை. ஒருக்கா தொட்டிக்கு மேல ஏறிப் பாருங்கோவன்."

"அதுக்கு ஒண்டும் ஆகியிருக்காது. நான் வடிவா பொலித்தீன் பை சுத்தி, றப்பர் பாண்ட் போட்டு இறுக்கி வைச்சிருக்கிறன்."

"எதை?"

"அந்த மானியைத்தான். புதுச்சாமானெல்லோ? தும்பு தூசி பட்டுப் பழுதாப்போகுமெண்டு..."

சுரேகா கண்ணை மூடிக்கொண்டாள். பைக்குள் அடைபட்ட காற்றின் ஈரம் மாறவே இல்லை. மானி எதைச் சொல்லும்? கோபப்படவும் முடியவில்லை. அவளுடைய வீட்டிலும் ரிவி றிமோட் வாங்கின நாளில் இருந்து பொலித்தீனுக்குள்தான் கிடக்கிறது.

"அவிட்டு விடுங்கோ அக்கா!"

ஏணி கிரீச்சிட்டது. அதற்குள் அவள் டிபக்கரைக் கழற்றினாள். கொழுவியிருந்தால், சுற்றுவது ஈரமானியாலா தன்னாலா என்று தெரியாது. இனித் திரையில் பார்க்க ஒன்றுமில்லை, காதுதான். மழை மட்டும் கேட்டது. தொலைபேசியைக் காதோடு அழுத்தினாள். மழைக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பியது.

"சுத்துது! நீ பாக்கிறியோ?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் பாக்கேல்லை."

"அட, மெசினுக்கு ரோசம் வந்திட்டுது!"

"நெல்லுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ. சூடோ?"

நெல் சரசரத்தது. "இளஞ்சூடுதான். மணமில்லை. தப்பீட்டுது பிள்ளை."

சுரேகா கதிரையில் சாய்ந்தாள். தோள் இரண்டும் இறங்கின. -1 வந்தால் திரும்பவும் காத்திருக்கச் சொல்லி அந்த வரியை இன்றைக்கே மாற்ற வேண்டும். முதலில் சோறு. காலையிலிருந்து வெறும் தேத்தண்ணிதான்.

குசினிக்குள் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடும்போது தொலைபேசி ஒலித்தது. விமலேஸ்வரி படம் அனுப்பியிருந்தார். நெல் தொட்டியிலிருந்து காற்று வெளியே வருகிற துவாரத்துக்கு முன்னால், மழையில் தோய்ந்து வந்த நாயொன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. அதன் காதுகள் இரண்டும் காற்றில் மேலே எழும்பி நின்றன.