மாப்பிள்ளை முழுங்கிய பபிள்கம்

"குடல்ல ஒட்டிக்கிச்சுன்னா ஆபரேசன்தான்டீ! வயித்தக் கிழிச்சுதான் எடுக்கணும். அந்த ஆளுக்கா பொண்ணக் குடுக்கப் போறீங்க?"

தில்லையம்மாளின் குரல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்தத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் தண்ணி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் பஸ்ஸுகூட ஏறியிருக்க மாட்டாங்க," என்றாள் அவள் தம்பி மனைவி சௌந்தரம்.

"ஏறட்டுமே! ஏன்டா கொளஞ்சி, நீயும்தானே பாத்த? முழுங்கிப்புட்டு பேந்தப் பேந்த முழிச்சானே!"

கொளஞ்சியப்பன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அக்கா வாயைத் திறந்தால் போதும், அவருக்கு உலகச் செய்திகளில் அக்கறை வந்துவிடும்.

நடந்தது இதுதான். பெண் பார்க்க வந்த எழிலனுக்குச் சிதம்பரம் கீழவீதியில் செல்போன் கடை. கடலூரில் இறங்கியதும் பசி பொறுக்காமல் வெங்காய வடை தின்றிருக்கிறான். வாய் நாறுமே என்று அதன் மேல் ஒரு பபிள்கம். வாசலில் துப்பலாம் என்று பார்த்தால், அங்கேயே நாலு பேர் கும்பிட்டு அழைத்துப்போய் ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் வீட்டில் எழுந்துபோய்த் துப்ப முடியுமா? ஸ்ரீமதி காபியை நீட்டிய நேரம் பார்த்து அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. திருடன் மாதிரி அவளைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பில் தட்டே ஆடிவிட்டது. அப்போதே பிடித்தும்விட்டது.

அத்தை தில்லையம்மாளுக்கோ வேறு கணக்கு. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் தன் மகன் அன்புமணிக்கே ஸ்ரீமதியைக் கட்டிவிட வேண்டும். அதை நேராகச் சொல்லாமல், பாவம், மாப்பிள்ளையின் குடலைப் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கெதுக்கு வம்பு? வேணாம்னு போன் பண்ணிடவா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்ததும் ஸ்ரீமதிக்குப் பகீரென்றது. விறுவிறுவென்று போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு பபிள்கம்மை எடுத்துவந்து, அத்தைக்கு எதிரிலேயே நின்று மென்றாள். முழுங்கினாள்.

"அய்யோ, என்னடி பண்ண?" என்று பதறினாள் சௌந்தரம்.

"இனிமே என் குடலும் அவ்ளோதாம்மா. என்னையும் ஒருத்தரும் கட்டிக்க மாட்டாங்க. அத்தை, அன்புமணி மாமாகிட்டயும் சொல்லிடுங்க, இந்தப் பொண்ணு வேணாம்னு."

தில்லையம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடப் போடீ பைத்தியமே! ஒரு கம்முல என்னா ஆயிடும்? ரெண்டு நாள்ல தானா வெளிய வந்துடும்!"

கொளஞ்சியப்பன் முதல் முறையாகப் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்ப அந்தத் தம்பிக்கும் வந்துடும்தானே அக்கா?"

அத்தை காபி குடிக்காமலே கிளம்பிப் போனாள். அப்படி அவள் போனதைத் தெரு அன்றுதான் பார்த்தது. சௌந்தரம் மட்டும் மனசு கேட்காமல் மறுநாள் பெண்ணை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் சிரித்துவிட்டார். "கம் ஜீரணம் ஆகாதுதான். ஆனா ஒட்டிக்காது, வழக்கம்போல வெளிய போயிடும். ஓயாம முழுங்கிக்கிட்டே இருந்தாதான் அடைச்சுக்கும். வேற வேலை இருந்தா பாருங்கம்மா."

வேலை இருந்தது. 2008 தை மாதம் திருவந்திபுரம் கோயிலில் எழிலன் தாலி கட்ட, ஸ்ரீமதி சிதம்பரத்துக்குக் குடிபோனாள். அன்புமணி அம்மாவிடம் மூச்சுவிடாமல், தன்னோடு ஆலையில் வேலை பார்த்த வெண்மதியை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். பேரன் பிறந்ததும் தில்லையம்மாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்த் தங்கிவிட்டாள்.