பகல் பன்னிரண்டுக்கு வரச்சொன்ன சம்பந்தி

"ஐம்பத்தாறு வயசாகுது! பறக்குற பூசணிக்காய்க்குத் தீனி வைக்கிற வயசாங்க இது?" என்று தொமோயோ கத்தியது மூன்றாவது மாடியில், கேட்டது தெரு முழுக்க. "தீனி வைக்கலன்னா அது பறக்காது. பறக்கலன்னா மேகத் தீவுக்கு எப்படிப் போறது?" என்று அவள் கணவர் கனமோரி, ரயில் மாறும் வழியைச் சொல்கிற தொனியில் பதில் சொன்னதும் கேட்டது. அடுத்து மகள் கஸுமியின் குரல்: "அப்பா, போதும்பா. ஜன்னலையாவது சாத்துங்க." சாத்தினார்கள். நாங்கள் வருத்தப்படவில்லை. அமகாசாகி நகரில் எங்கள் குடியிருப்பின் சுவர்கள் ஜன்னலைவிட மெல்லியவை.

சண்டை வெறும் விளையாட்டைப் பற்றியதாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும். அந்த வசந்தத்தில் கனமோரியின் நிழல் நிறம் மாறிவிட்டது. மனிதர் ஈமச்சடங்கு மண்டபத்தில் சடங்குகளை நடத்திவைப்பவர். கறுப்பு உடை, கறுப்பு டை, இறந்தவருக்குத் தூக்கம் கலைந்துவிடுமோ என்பதுபோல் தாழ்ந்த குரல். அப்படிப்பட்டவர் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மிட்டாய்க்கடை கவிழ்ந்ததுபோல் நிறங்கள் வழியும் ஒரு வீடியோ கேமில் போய் உட்கார்ந்துகொள்வார். வாலுள்ள வீரர்கள், வாயாடும் காளான்கள், கூடவே அந்தப் பூசணிக்காய். கடையில் அதை வாங்கும்போது பேரனுக்கு என்று சொல்லிப் பரிசுத்தாள் சுற்றச் சொன்னாராம். அவருக்குப் பேரன் கிடையாது. முதலில் நிழலின் ஓரங்களில் பச்சை படர்ந்தது. பிறகு இடுப்பின் குறுக்கே ஊதா நிற ஆறு ஓடியது. மழைக்காலம் வருவதற்குள் தோளில் ஒரு காற்றாலை சுற்றத் தொடங்கியிருந்தது. மண்டபத்தில் அந்த நிழல் வெள்ளைச் சாமந்திகள்மேல் விழுந்தபோது ஒரு வீட்டார் அதை உயர்ந்த வகை அலங்காரம் என்று நினைத்து, இறந்துபோன தங்கள் அத்தைக்கும் அதுவே வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகம் அவரை, நிழலே விழாதபடி நாலா பக்கமும் குழல்விளக்கு எரியும் பின்னறைக்கு மாற்றியது.

இந்தச் சமயத்தில்தான் கஸுமிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை நவோதோ வங்கியில் வேலை பார்ப்பவன். அப்பா இசொகாய், வீடுகளில் முன்னோருக்கு வைக்கும் பூஜை மாடங்கள் விற்பவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கஸுமிக்கு முப்பது. பையனை உண்மையாகவே பிடித்திருந்தது. இது தவறிப்போனால் தாங்கமாட்டாள் என்பது எங்களுக்கே தெரியும். அந்த வீட்டார் பழைய முறைப்படி ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். தெருவே ஒரே குரலில், கனமோரி தங்கமான மனிதர், தோட்ட வேலையில் நாட்டம் என்றது. நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணை விசாரிக்க வரும்போது கனமோரி வீட்டிலிருந்தும் இப்படி ஒரு பொய் வேண்டுமே.

கல்யாணம் முடியும்வரை விளையாட்டைத் தொடுவதில்லை என்று தொமோயோ அவரிடம் வாக்கு வாங்கினாள். மனிதர் தொடவில்லை. நிழல் வெளுக்கவும் இல்லை. அதில் ஓடிய ஆற்றின்மேல் பாதி கட்டிய பாலம் அப்படியே நின்றது. அக்கரையில் ஆட்கள் மூட்டையோடு காத்திருந்தார்கள். அதனால் தொமோயோ யோசித்து, சம்பந்திகளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்னாள். உச்சி வெயிலில் யாருடைய நிழலும் காலடியில் அடங்கிவிடும். சாப்பாட்டை முடித்து ஒன்றரைக்கெல்லாம் அனுப்பிவிடுவது திட்டம்.

திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை இசொகாய். சிரிக்காத மனிதர் இவ்வளவு பேசுவார் என்று யாருக்குத் தெரியும்? அரக்குப் பூச்சு எத்தனை வகை, எது எந்த ஈரத்தில் காயும் என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. பார்லித் தேநீர் தீர்ந்தது. பயற்று அல்வா தீர்ந்தது. உட்காரத் திண்டு இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அதைத் திரும்ப வாங்குகிற சாக்கில் வாசலில் செருப்பு மாட்டவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியது. கனமோரியின் நிழல் பாயில் நீண்டு, மேசையைத் தாண்டி, சம்பந்தியின் வெள்ளைக் காலுறைமேல் போய் ஏறியது.

நிழலாற்றில் நரித்தலைப் படகோட்டி ஒருவன் துடுப்புப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை நெருங்கினான். இசொகாய், வீடு கூட்டுகிறவளுக்கு வழிவிடுவதுபோல் காலைத் தூக்கிக்கொண்டார். படகு போனது.

"பாலத்தை ஏன் பாதியில விட்டுட்டீங்க சம்பந்தி?"

"மரம் பத்தலைங்க. ஒரு மாசமா நான் போகவே இல்ல. வீட்ல வேணாம்னுட்டாங்க."

"ஐயோ பாவம், அந்தக் கரையில ஆளுங்க நிக்கிறாங்களே. அந்த மலைக்குப் பின்னாடி மரம் இருக்கும்போலிருக்கே?"

அதன்பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. இரண்டு குடும்பத் தலைவர்கள், ஒருவர் சாவுக்கு, மற்றவர் செத்தவர்களுக்கு என்று வாழ்நாளெல்லாம் முகத்தை இறுக்கி வைத்திருந்தவர்கள், பாயில் மண்டியிட்டு, பின்புறம் மேலே, மூக்கு கீழே என்று ஊர்ந்தார்கள். கால்சட்டை போடத் தெரிந்த குழந்தைகள், அவ்வளவுதான்.

"அப்பா, எந்திரிங்க. அசிங்கமா இருக்கு," என்றான் நவோதோ. "சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் இது." சொன்னதோடு விடாமல் காற்றாலைமேல் குதிகாலை வைத்து அழுத்தினான். காற்றாலை நின்றது. கனமோரி தோளைப் பிடித்துக்கொண்டார், முகம் வெளுத்துப்போனது.

"காலை எடுங்க," என்றாள் கஸுமி.

"வெறும் நிழல்தானே?"

"நிழல்தான். எங்கப்பாவோடது. எடுங்க."

எடுத்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்து சம்பந்தத்தை முறித்துக்கொண்டாள். மாடிப்படியில் தலையில் அடித்துக்கொண்ட தொமோயோவிடம், "எனக்கும் அது வெட்கமாத்தான் இருக்கும்மா. ஆனா மிதிக்கணும்னு ஒருநாளும் தோணினதில்ல," என்று சொன்னாள். கோடை முழுக்க அவள் முகம் வீங்கியே இருந்தது. கனமோரியின் இடது தோள் குளிர்காலம்வரை சரியாகத் தூக்க வரவில்லை.

நவோதோ மறுவருடம் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு நகோயாவுக்குப் போனான். கஸுமி அதற்கும் அடுத்த வருடம், படகுச் சேவையில் சமையல்காரனாக இருக்கும் ஒருவனை மணந்து மட்சுயாமாவில் இருக்கிறாள். மாமனாரைப் பற்றிக் கேட்டால் அவன், "நல்லா சாப்பிடுவார்" என்கிறான். தொமோயோ துணி உலர்த்தப் போகும்போது கணவரின் நிழலில் ஓடும் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டாள். இசொகாய் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, போன மாதம் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கே குடிவந்துவிட்டார். மேற்குப் பார்த்த வீடுதான் வேண்டும், சம்பந்தி வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் நிழல் நன்றாக நீளவேண்டும் என்று கேட்டு வாங்கினார். வாடகை கொஞ்சம் கூடுதல்; வெயிலும் அடிக்கும்.