நனையாத மழைமானி

1

இந்தக் கதை எனக்கு மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் தாழ்வாரம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். வருஷம் 1959. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் கருத்து, இடி இடித்து, பூமித்தாய்…’ வேண்டாம். மழை பெய்ததா என்பதே இங்கே வழக்கு. நானே முந்திக்கொண்டு சாட்சி சொல்லக் கூடாது.

2

கிருஷ்ணசாமி அந்த ஆபீஸ் குமாஸ்தா. புதிதாக வந்த செப்பு மழைமானியை முற்றத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. முதல் தூறலிலேயே அவருக்கு மனசு கேட்கவில்லை. சர்க்கார் சொத்து; நனைந்தால் களிம்பு ஏறும். தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டார். தினமும் காலையில் அளந்தார். பூஜ்யம்.

(இவரை முட்டாளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அளப்பதில் ஒருநாள்கூடத் தவறாதவரை எப்படி அப்படிச் சொல்வது?)

3

வீரம்மாளுக்கு ஒரு காணி மல்லாட்டை (நிலக்கடலைதான்). பாதி தண்ணீரில் அழுகிவிட்டது. மானிக் கணக்கில் மழை ஏறியிருந்தால்தான் கிஸ்தி தள்ளுபடி; அது கிடைக்காவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். ஈரப் புடவையோடு வந்து நின்றாள். வெளியே சடசடவென்று சத்தம் (நான் சொல்லவில்லை, ஓடு சொன்னது).

“மழையே இல்லியேம்மா. மானி சொல்லுதே,” என்றார் கிருஷ்ணசாமி.

“அது எங்க குந்திக்கினு சொல்லுதுங்க? ஓட்டுக்கு அடியில! நானும் ஊட்டுக்குள்ளயே குந்திக்கினு இருந்தா எனக்குந்தான் மழயில்ல.”

“வெளிய வெச்சா நனைஞ்சிடும்மா.”

“அய்ய! அப்ப அதுக்கு ஒரு கொடைய புடிச்சிக்கினு அளங்க!”

ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். கிருஷ்ணசாமி மட்டும் சிரிக்கவில்லை. மானியைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். நனைந்துகொண்டே போய் முற்றத்தில் வைத்தார்.

“இனிமே பெய்யறத எழுதறேன். பெஞ்சு போனதுக்கு நான் எங்கம்மா போறது?”

அந்த நேரம் பார்த்து மழை விட்டது.

4

ஒரு முடிவு: மேலதிகாரி வந்து வயலில் இறங்கிப் பார்க்கிறார். (அடித்துவிட்டேன். மானி இருக்கும்போது வயலை எதற்குப் பார்ப்பார்?)

இன்னொன்று: நானே மழையைப் பெய்யவைக்கிறேன். ஒரு வாக்கியம் போதும். மானி நிறையும், தள்ளுபடி வரும். மிச்சப் பாதி மல்லாட்டையும் அழுகும்.

வீரம்மாள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். பெய் என்பதா, பெய்யாதே என்பதா? அவளுக்குத் தெரியவில்லை.

இந்தாருங்கள் பேனா. எழுதுவதானால் அவள் பக்கத்தில் போய் நின்று எழுதுங்கள். நான் தாழ்வாரத்தில்தான் இருக்கிறேன், ஒரு சொட்டு படாமல்.