நாக்கடியில் சில சொட்டு

வளைவில் இருக்கும் காவல் தெய்வத்தின் குடிலைத் தாண்டும்போது நரின் சாமிக்கு மரியாதையாக ஹாரன் அடிக்கவில்லை. அதனால்தான் வேன் பள்ளத்தில் இறங்கியது என்று தாய்லாந்தின் மே ஹோங் சோன் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வேனில் இருந்த காய்கறிக்காரி சமோனுக்கு இடுப்பெலும்பு முறிந்ததற்கும் சாமி கோபம்தான் காரணமாம். எவ்வளவு வசதி!

இருபத்திரண்டு வயது நரினுக்கு மட்டும் உண்மை தெரியும். ஹாரனை அவன் மறக்கவில்லை, குடிலையே பார்க்கவில்லை. கண் செருகிவிட்டது. ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரண்டவனுக்கு, கஞ்சா எண்ணெய்க் கடை வைத்திருக்கும் அக்கா பிம்தான் கஞ்சாவில் போதைச் சத்தை நீக்கி எடுக்கிற சி.பி.டி. எண்ணெயைக் கொடுத்தாள். இதில் போதை ஏறாது, தைரியமாக வண்டி ஓட்டலாம் என்றாள். போதை ஏறவில்லைதான். படபடப்புக்கும் நல்லது என்று காலையிலும் நாக்கடியில் சில சொட்டு போட ஆரம்பித்தான். அன்றைக்குக் கொஞ்சம் கூடவே விட்டுக்கொண்டான். எண்ணெய்தான் கண்ணைச் செருக வைத்ததா, முந்தைய நாள் அலுப்பா என்று அவனுக்கே நிச்சயமில்லை. அந்தச் சந்தேகம் அவனைப் போட்டு அரித்தது.

பிம் அவனைக் கையோடு குடிலுக்கு இழுத்துப் போனாள். சிவப்பு சோடாவும் அவித்த கோழியும் படைத்து மன்னிப்புக் கேட்க வைத்தாள். திரும்பும் வழியில் அவன் வாயைத் திறந்தான்.

"நான் தூங்கிட்டேன்க்கா. அந்த எண்ணெய் தூக்கத்தக் கொண்டுவருது போல. வாங்குறவங்ககிட்டயாவது சொல்லிடு."

"தூங்கிட்டேன்னு வெளிய சொன்னா உன் லைசென்ஸும் போகும், என் கடையும் போகும். சாமி கோவிச்சுக்கிச்சுன்னா யாருக்குடா நஷ்டம்? பேசாம வா."

மருத்துவமனையில் சமோன் அவனைத் திட்டுவாள் என்று நினைத்துப் போனான். அவளோ, சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயா என்று அக்கறையாக விசாரித்தாள். பாவி மனுஷி, ரெண்டு திட்டாவது திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை பிம்மின் கடை வாசலில் பிரசேட் வண்டியை நிறுத்தினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் ராத்திரி தூக்கமில்லையாம், பகலெல்லாம் நெஞ்சு படபடக்கிறதாம். கல்லாவருகே நின்ற நரினிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, நீயும் இதத்தான போடுற? போட்டுட்டு வண்டி ஓட்டலாம்ல?"

பிம் தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை. சொட்டுக் குழாயில் எண்ணெயை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் ஒரு கணம் நின்றது. நரின் அந்தக் கையைப் பார்த்தான்.

"ஓட்டலாம்ணே."

பிரசேட் கழுத்தை நிமிர்த்தி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அவருக்குப் பின்னால், வேன் கதவருகே, முன் சீட்டு யாருக்கு என்று பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.